பாட்டன் பிறந்த ஊருக்குச் சான்று உண்டா?

வாசகர் கேள்வி, மே 6

தேசப்பற்று பிறப்போடு வருவது. தாய்ப்பாசத்தை யாரும் பள்ளியில் கற்றுக்கொடுப்பதில்லை, இதுவும் அப்படித்தான். சர்வதேசியம் என்பது சொந்த மண் இல்லாதவர்கள் பேசும் பேச்சு. மறுக்கிறவர்கள் தத்துவம் எழுத வேண்டாம், உதாரணம் கொடுங்கள்.

மே 6, மதியம்

தத்துவம் வேண்டாம் என்றதே நிம்மதி. உதாரணம் என் வீட்டிலேயே இருக்கிறது.

என் அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, பிறந்தது இலங்கையில் நுவரெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட லயத்தில் (தொழிலாளர் குடியிருப்பு வரிசையில்). அவருடைய அப்பாவும் அந்த மலையில்தான் பிறந்தார் என்று சொல்வார்கள். பூர்வீகம் துறையூர்ப் பக்கம் என்பது கேள்வி ஞானம். 1970களில் ஒருநாள் குடும்ப அட்டையும் இந்தியப் பாஸ்போர்ட்டும் கையில் கொடுத்து, 'தாயகம் திரும்புகிறீர்கள்' என்று அனுப்பினார்கள். அதுவரை அவர் கண்ணால் பார்க்காத தாயகம். ரயிலில் தலைமன்னார், கப்பலில் ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அங்கிருந்து கோத்தகிரி.

அவருடைய தம்பி இலங்கைப் பிரஜையாகி அங்கேயே தங்கிவிட்டார். ஒரே காம்பராவில் ஒரே பாயில் படுத்து வளர்ந்த இருவர். இவர்களில் யாருக்கு எந்த மண் மீது பாசம் பிறப்போடு வந்தது என்று நீங்களே சொல்லுங்கள்.

மே 6, இரவு

"அது விதிவிலக்கு" என்று பதில் வந்திருக்கிறது. சரி, விதிவிலக்கின் அளவைப் பார்ப்போம்.

1964 அக்டோபர் 30. இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் டெல்லியில் கையெழுத்துப் போட்டார்கள். கணக்கில் வந்தவர்கள், இலங்கையில் இருந்தும் எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாத இந்திய வம்சாவளித் தமிழர், 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரைப் பற்றி முடிவுக்கு வர முடியவில்லை. அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டார்கள். 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் அதை ஆளுக்குப் பாதியாக, 75,000 வீதம் பிரித்துக்கொண்டார்கள். சொத்துத் தகராறில் பெரியவர்கள் உட்கார்ந்து தென்னை மரத்தை எண்ணிப் பிரிப்பது மாதிரி.

மரத்தை யாரும் கேட்கவில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பிறகு விண்ணப்பம் வாங்கியபோது, இலங்கைக் குடியுரிமை கேட்டவர்கள் ஒதுக்கிய எண்ணிக்கையைவிட மிக அதிகம். அந்த மக்கள் எந்த மண்ணைத் தங்கள் மண் என்று நினைத்தார்கள் என்பதற்கு அதைவிடப் பெரிய வாக்கெடுப்பு வேண்டாம்.

மே 7

1964ஐ மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். முடிச்சு 1948இல் விழுந்தது.

சிலோன் பிப்ரவரியில் சுதந்திரம் வாங்கியது. அந்த வருடமே 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம். அங்கே பிறந்தால் மட்டும் போதாது. அப்பாவும் அங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அப்பாவைப் பெற்ற தாத்தாவும், அவரைப் பெற்ற கொள்ளுத்தாத்தாவும் அங்கே பிறந்திருக்க வேண்டும். எந்த இனத்தின் பெயரையும் சொல்லாத விதி. படிக்கிறவனுக்கு நியாயமாகக்கூடத் தோன்றும். ஆனால் தீவில் இருந்த எத்தனை சிங்கள விவசாயியிடம், எத்தனை யாழ்ப்பாணத்து ஆசிரியரிடம் தாத்தாவின் பிறப்புச் சான்று இருந்திருக்கும்? அவர்களிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். லயத்தில் இருந்தவனிடம் மட்டும் கேட்டார்கள்.

அதே சட்டத்தில் இன்னொரு விதி உண்டு. பொதுவாழ்வில் சிறப்பான சேவை செய்தவர்கள் என்று வருடத்துக்கு 25 பேர் வரை அமைச்சரே குடிமக்களாகச் சேர்த்துக்கொள்ளலாம். நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் பெரும்பங்கைக் கொழுந்து பறித்துக் கொடுத்தது அந்தச் சேவையில் வராது போலிருக்கிறது.

1949இல் இன்னொரு சட்டம்: இத்தனை வருடம் விடாமல் இங்கே இருந்தேன் என்று காட்டினால் விண்ணப்பிக்கலாம். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக மனு போனது. கடைசியில் கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. இடையில் ஒருமுறை சொந்தக்காரர் சாவுக்கு இந்தியா போய் வந்தவருக்கெல்லாம் சிக்கல். அதே 1949இல் தேர்தல் சட்டத்தையும் திருத்தி, குடியுரிமை இல்லாதவர்களுக்கு ஓட்டு இல்லை என்றாக்கினார்கள். 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளர்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடம் பிடித்திருந்தது. 1952இல் ஒரு இடமும் இல்லை. 1977இல் தோட்டத் தொழிலாளர் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியா-மஸ்கெலியாவில் ஜெயிக்கும்வரை அந்த மக்களின் ஓட்டால் அவர்களில் ஒருவர் நாடாளுமன்றம் போக முடியவில்லை.

ஆகவே என் கேள்வி இதுதான். 1947இல் சிலோன்காரனாக ஓட்டுப் போட்டவன் 1952இல் அந்நியன். இந்த ஐந்து வருடத்தில் அவன் மனத்தில் இருந்த தேசப்பற்று எங்கே போனது?

மே 7, கொஞ்ச நேரம் கழித்து

யாரோ 'யாதும் ஊரே' போட்டுவிட்டார். இன்னும் வரவில்லையே என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே 9

"கிரிக்கெட்டில் யாருக்குக் கைதட்டுகிறாய் என்று பார்த்தால் தெரிந்துவிடும்" என்று ஒருவர். இது 1990இல் பிரிட்டனில் நார்மன் டெபிட் என்ற அரசியல்வாதி சொன்னது. வந்தேறிகள் இங்கிலாந்துக்குக் கைதட்டுகிறார்களா, பழைய நாட்டுக்கா என்று பார்க்கச் சொன்னார்.

எங்கள் வீட்டில் அந்தப் பரீட்சை நடந்தது. 1996 உலகக் கோப்பை அரையிறுதி, இந்தியாவும் இலங்கையும், ஈடன் கார்டன். முதல் ஓவரிலேயே இலங்கையின் ஜெயசூரியாவும் கலுவிதாரணவும் போனதும் பக்கத்து வீட்டுப் பையன்கள் எங்கள் வாசலில் ஆடினார்கள். அப்பாயி கட்டிலில் உட்கார்ந்தபடி சிங்களத்தில் திட்டினார். யாரைத் திட்டினார் என்று யாருக்கும் புரியவில்லை. பிறகு அரவிந்த டி சில்வா அடிக்க ஆரம்பித்தார். அப்பாயி எழுந்து டீ போடப் போனார். இந்தியா எட்டு விக்கெட் இழந்து 120இல் நின்றபோது மைதானத்தில் பாட்டில் பறந்தது, தீ வைத்தார்கள், ஆட்டத்தை இலங்கைக்குக் கொடுத்தார்கள். வாசலில் ஒருவரும் இல்லை. நான் அன்று அழுதேன், இந்தியா தோற்றதற்காக. அப்பாயி என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டே முரளியைப் பற்றிப் பேசினார். "நம்ம தோட்டத்துப் பரம்பரைப் பையன்" என்பார். அது உண்மைதான்: முத்தையா முரளிதரனின் தாத்தா தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்குப் போனவர்.

டெபிட் வந்திருந்தால் எங்கள் இருவருக்கும் என்ன மதிப்பெண் போட்டிருப்பார்? அப்பாயி இந்தியப் பிரஜை, இந்திய ஓட்டு, ஆனால் பரீட்சையில் தோல்வி. அவரைவிட அந்தத் தீவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் நான் பாஸ். எங்கள் இருவர் பாசமும் பொய் இல்லை.

மே 10

நீண்ட பதில் எழுதியவருக்கு. "இதில் என்ன ஆராய்ச்சி, சிங்கள இனவாதம் என்று ஒரே வரியில் முடியுங்கள்" என்கிறீர்கள். இனவாதம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு வரியோடு நின்றால் மிச்ச இரண்டு விஷயம் மறைந்துபோகும்.

முதலாவது, கண்டிச் சிங்கள விவசாயியின் வயிற்றெரிச்சல் கற்பனையானது அல்ல. 1840இல் வெள்ளைக்காரன் ஒரு நிலச் சட்டம் கொண்டுவந்தான். உரிமைக்குப் பத்திரம் காட்ட முடியாத காடும், காட்டை எரித்துப் பயிரிடும் சேனை நிலமும் அரசுக்குச் சொந்தம். பின்னால் அவை காப்பித் தோட்டங்களாகவும் தேயிலைத் தோட்டங்களாகவும் கம்பெனிகளுக்குப் போயின. கவனியுங்கள், அங்கேயும் "சான்று காட்டு". கிராமத்தான் மேலே பார்த்தால் மலை முழுக்கத் தோட்டம், தோட்டம் முழுக்க வேற்று மொழி பேசும் கூலிகள். நிலத்தை எடுத்தவன் லண்டனில் இருந்தான், கண்ணில் பட்டவன் லயத்தில் இருந்தான். கோபம் கண்ணில் பட்டவன் மேல் இறங்கியது.

வேடிக்கை என்னவென்றால், தீவில் சமஷ்டி, அதாவது கூட்டாட்சி, வேண்டும் என்று முதலில் கேட்டவர்கள் தமிழர்கள் அல்ல. 1926இல் அதைப் பேசியவர் பின்னாளில் பிரதமரான எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கா. அடுத்து, அரசியலமைப்பைச் சீர்திருத்த பிரிட்டன் அனுப்பிய டொனமூர் ஆணைக்குழுவிடம் அதைக் கேட்டவர்கள் கண்டியத் தேசிய அவையினர். அப்போது அவர்களுக்கு கரைநாட்டுச் சிங்களவர் மேலேயே பயம். சிங்களத் தேசம் என்று ஒன்றாகச் சேர்ந்தது அதற்குப் பிறகுதான்.

இரண்டாவது, நம் பக்கம். 1948 செப்டம்பரில் தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் அமைச்சரவையில் சேர்ந்தார். குடியுரிமைப் பிரச்சினையை முன்வைத்துத்தான் அதே கட்சியின் செல்வநாயகம் பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். அந்தப் பிரிவு மதிக்கத்தக்கது. ஆனால் 'தோட்டக்காட்டான்' என்ற வசவை எங்கள் ஆட்கள் முதலில் கேட்டது சிங்களவர் வாயிலிருந்து இல்லை. 70களில் பஞ்சத்துக்கும் அடிதடிக்கும் பயந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போனவர்கள் அங்கே தமிழ்த் தேசத்தின் குடிமக்களாகவா நடத்தப்பட்டார்கள்? பலருக்குக் கிடைத்தது இன்னொருவர் வயலில் கூலி வேலை. இதைச் சொன்னால் துரோகி என்பார்கள். சரி, இருந்துவிட்டுப் போகட்டும்.

மே 12

கேள்வியின் இரண்டாம் பாதிக்கு இன்னும் வரவில்லை: சர்வதேசியம் வெறும் பேச்சா?

இலங்கை இடதுசாரிகளை எடுத்துக்கொள்வோம். 1935இல் தொடங்கிய லங்கா சமசமாஜக் கட்சி, ட்ராட்ஸ்கியவாதிகள், அதாவது ஸ்டாலினை ஏற்காத கம்யூனிஸ்டுகள். 1937இல் பிரேஸ்கர்டில் என்ற ஒரு வெள்ளைக்கார இளைஞர், தோட்டத்தில் துரை (மேலாளர்) வேலை பழக வந்தவர், துரைகளை எதிர்த்துத் தொழிலாளர் மேடையில் ஏறிவிட்டார். நாவலப்பிட்டிக் கூட்டத்தில் இந்திய விடுதலைப் போராளி கமலாதேவி சட்டோபாத்யாயாவும் இருந்தார். ஆளுநர் பிரேஸ்கர்டிலை நாடு கடத்த உத்தரவிட்டார். கட்சி அவரை ஒளித்து வைத்து, மே 5ஆம் தேதி கொழும்பு காலிமுகத்திடல் கூட்டத்தில் மேடையேற்றியது. கடைசியில் உச்ச நீதிமன்றம் உத்தரவைச் செல்லாது என்றது. ஒரு வெள்ளைக்காரனுக்காகச் சிங்களவரும் தமிழரும் தெருவில் நின்ற கதை இது. பேச்சு மட்டும் இல்லை.

இன்னொருவர் எஸ்.சி.சி. அந்தோணிப்பிள்ளை. யாழ்ப்பாணத்துக்காரர், சமசமாஜி, மனைவி கரோலின், கட்சி நிறுவனர்களில் ஒருவரான பிலிப் குணவர்தனவின் தங்கை. யுத்த காலத்தில் இந்தியா வந்து, 1946இல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவரானார். 1947இல் பக்கிங்காம் கர்னாடிக் ஆலை வேலைநிறுத்தம் அவர் தலைமையில்தான். பிறகு சென்னையிலேயே சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். பெரம்பூர்த் தொழிலாளி அவரிடம் பாட்டன் பிறந்த ஊரைக் கேட்கவில்லை.

1948 குடியுரிமைச் சட்டத்தை இந்தக் கட்சி எதிர்த்து வாக்களித்தது. 1956 சிங்களம் மட்டும் சட்டத்தையும் எதிர்த்தது. 'ஒரு மொழி என்றால் இரு நாடு, இரு மொழி என்றால் ஒரு நாடு' என்று கட்சித் தலைவர்களில் ஒருவரான கொல்வின் ஆர். டி சில்வா சொன்னது அப்போதுதான்.

இனி கசப்பு. 1964 ஜூனில் அதே கட்சி சிறிமாவோ அரசில் சேர்ந்தது. கட்சித் தலைவர் என்.எம். பெரேரா நிதியமைச்சர். ட்ராட்ஸ்கியவாதிகளின் சர்வதேச அமைப்பான நான்காம் அகிலம் கட்சியை வெளியேற்றியது. அக்டோபரில் அந்த அமைச்சரவைதான் 9,75,000 பேரைப் பங்கு போட்டது. 1965-66 வாக்கில் தமிழுக்குக் கொஞ்சம் இடம் கொடுக்கப் பார்த்த பிரதமர் டட்லி சேனநாயக்காவை எதிர்த்து இடதுசாரிகளும் சேர்ந்து போட்ட கோஷம்: 'டட்லியின் வயிற்றில் மசாலா வடை'; வடை தமிழர் பண்டம், அவர் தமிழர் பக்கம் சாய்ந்துவிட்டார் என்ற கேலி. 1972இல் சிங்களம் ஆட்சிமொழி, பௌத்தத்துக்கு முதலிடம் என்று எழுதிய அரசியலமைப்புக்குப் பொறுப்பான அமைச்சர் அதே கொல்வின். அவரே தோட்டத்துறை அமைச்சரும்கூட. 1975இல் கம்பெனித் தோட்டங்கள் தேசியமயம் ஆயின. அந்தத் தோட்டங்களில் வேலை செய்தவர்களில் மிகப் பலர் அன்றைக்கு அந்தத் தேசத்தின் குடிமக்கள் இல்லை.

மே 12, நள்ளிரவு

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். துரோகக் கதையாக வந்திருக்கிறது. அப்படி வாசித்தால் எளிது, ஆனால் எனக்குத் திருப்தியாக இல்லை.

1947இல் மலையகத் தொழிலாளிக்கு ஓட்டு இருந்தது. ஏழு இடம் போக, வேறு பல தொகுதிகளில் அந்த ஓட்டு இடதுசாரிகளுக்கு விழுந்தது. ஆகவே அந்த மக்களுக்காகப் பேசுவது கொள்கையும் ஆனது, லாபமும் ஆனது. 1949இல் ஓட்டைப் பிடுங்கிய பிறகு அவர்களுக்காகப் பேசினால் சிங்கள ஓட்டு போகும், பதிலுக்கு ஒரு ஓட்டும் வராது. பதினைந்து வருடம் அப்படியும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள், அதை மறைக்கக் கூடாது. பிறகு முடியவில்லை. எட்மண்ட் சமரக்கொடி மாதிரி சிலர் கூட்டணியை ஏற்காமல் வெளியேறினார்கள். அவர்கள் பின்னால் கூட்டம் போகவில்லை.

வாக்காளர் பட்டியலைத் திருத்தியவர்கள் ஒரு சமூகத்தை மட்டும் வெட்டவில்லை. அந்தச் சமூகத்தின் பக்கம் நிற்பதற்கு மற்றவர்களுக்கு இருந்த காரணத்தையும் சேர்த்து வெட்டினார்கள். சர்வதேசியம் நல்ல மனதில் மட்டும் நிற்க வேண்டியதாகிவிட்டால் எத்தனை நாள் நிற்கும் என்பதுதான் எனக்குப் புரியாதது. தொழிற்சங்கம், ஓட்டு, கூலி என்று கையில் பிடிக்க ஏதாவது வேண்டியிருக்கிறது.

மே 13

எல்லை தாண்டுவதைப் பற்றிக் கவலையே படாத ஒருவர் இருக்கிறார்: தேயிலை. 1867இல் லூல்கந்துரையில் முதல் தேயிலைத் தோட்டம் போட்ட ஜேம்ஸ் டெய்லர் ஸ்காட்லாந்துக்காரர். செடியும் வெளியிலிருந்து வந்தது, பணம் லண்டனிலிருந்து, கூலி திருச்சி, சேலம் ஜில்லாவிலிருந்து. பெயர் மட்டும் 'சிலோன் டீ'. அதற்கு உடனே குடியுரிமை கிடைத்துவிட்டது.

மே 16

"நீங்கள் கடைசியில் இந்தியர்தானே, புலம்பல் எதற்கு?" கேட்டவர் கோபமாகக் கேட்கவில்லை, அதனால் பதில்.

நீலகிரியில் தாயகம் திரும்பியவர்களுக்காக அரசு 1968இல் தேயிலைத் தோட்டம் போட ஆரம்பித்தது. அப்பாயிக்கு வேலை கிடைத்தது. கேரளத்தில் புனலூரிலும் கர்நாடகத்தில் சுள்ளியா பக்கமும் ரப்பர் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டவர்களும் உண்டு. தாயகம் திரும்பினார்கள், கன்னடம் பேசும் ஊருக்கு. கோத்தகிரியில் எங்களுக்குப் பெயர் சிலோன்காரர். இலங்கையில் இந்தியாக்காரர் என்றார்கள். நான் சாதிச் சான்றிதழுக்காக ஒரு அலுவலகத்துக்குப் போனபோது, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கேட்டார்: "1950க்கு முன்னாடி உங்க தாத்தா எந்த ஊரில் இருந்தார், அத்தாட்சி இருக்கா?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் தப்பாக எடுத்துக்கொண்டார், வேலை இன்னும் தாமதமானது.

ஆனாலும் ஆகஸ்ட் 15 அன்று பள்ளி மைதானத்தில் கொடி ஏறும்போது எனக்கு மயிர்க்கூச்செறியும். இத்தனையும் தெரிந்த பிறகும் எறியும். ஆகவே கேள்வி கேட்டவரிடம் பாதி ஒப்புக்கொள்கிறேன்: பாசம் நிஜம். அது என்னோடு பிறக்கவில்லை. என் அப்பாவுக்குக் கிடைத்த ரேஷன் கார்டோடு வந்தது. கார்டு அந்தக் கரையில் கிடைத்திருந்தால் பிப்ரவரி 4க்குக் கூச்செறிந்திருக்கும். தம்பித் தாத்தாவின் பேரனுக்கு அப்படித்தான். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு, தோட்டத் தமிழர் தீவுக்கு வந்த இருநூறாம் ஆண்டை நினைத்து, மலையகம் 200 நடைபயணம் போனபோது அவன் நடந்தான். தன்னை இலங்கையன் என்றுதான் சொல்லிக்கொள்வான். எங்கள் இருவருக்கும் வாட்ஸாப்பில் சண்டையே கிரிக்கெட் பற்றித்தான்.

மே 18

சோதித்துப் பார்க்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். ஒரு வாதம் பிடித்துப்போனால் அதிலிருக்கும் நாட்டின் பெயரை மாற்றி வைத்துப் படிப்பேன்.

1948 சட்டத்தைப் படித்துவிட்டு இந்த வாரம் எல்லோரும் கொதித்தீர்கள். 2019 ஆகஸ்ட் 31 அன்று அசாமில் குடிமக்கள் பதிவேடு வந்தது. 19 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் பெயர் இல்லை. 1971 மார்ச் 24க்கு முன்பே தானோ தன் முன்னோரோ இங்கே இருந்ததற்குக் காகிதம் காட்ட வேண்டும் என்பது அங்கே விதி. அதே வருடம் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர்களில் சில மதத்தினருக்கு வழி திறந்தது. இலங்கையிலிருந்து வந்து தமிழ்நாட்டு முகாம்களில் இருப்பவர்கள் அதில் இல்லை. அந்த முகாம்களில் மலையக வம்சாவளிக்காரர்களும் இருக்கிறார்கள். இங்கே நம்மில் சிலர் அந்தப் பதிவேட்டுக்குக் கைதட்டியவர்கள்.

மே 19

"அசாம் வேறு, இலங்கை வேறு" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். வேறுதான். அங்கே தீவு இல்லை, அருகில் எல்லை இருக்கிறது, வந்தேறிகளைக் கண்டறிந்து வெளியேற்றுவதாகச் சொன்ன 1985 அசாம் ஒப்பந்தம் இருக்கிறது, உள்ளூர் மக்களுக்குத் தங்கள் மொழி போய்விடும் என்ற பயம் இருக்கிறது. கண்டிக் கிராமத்தானுக்கும் பயம் இருந்தது என்பதை 10ஆம் தேதி எழுதியிருக்கிறேன். லயத்தில் இருந்தவனிடம் கேட்டால் அநியாயம், பிரம்மபுத்திரா மணல்திட்டில் இருப்பவனிடம் கேட்டால் நியாயம் என்று ஆக்குகிற வித்தியாசம் எது? அதை மட்டும் எழுதுங்கள், பதில் போடுகிறேன். மசாலா வடைச் செய்முறை கேட்டவருக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.